தட்டு தண்ணீருக்குள் இருக்கும்வரை

நீலாயதாட்சி ஒரு பிடி தீவனத்தைத் தட்டில் பரப்பி, சாய்ந்துவிடாமல் மெல்லத் தண்ணீருக்குள் இறக்கி, கயிற்றைப் பலகையில் அடித்திருந்த ஆணியில் சுற்றினாள். இனி இரண்டு மணி நேரத்துக்கு அதைத் தொடக் கூடாது. இறால் பண்ணையில் எதற்கு வேண்டுமானாலும் அவசரப்படலாம், இதற்கு மட்டும் முடியாது. குட்டைத் தண்ணீர் டீத்தண்ணீர் போலக் கலங்கிக் கிடக்கும். அடியில் ஊர்கிற லட்சம் உருப்படியில் ஒன்றைக்கூடக் கரையில் நின்று பார்க்க வாய்க்காது. அதனால் வலை கட்டிய தட்டில் கொஞ்சம் தீனி வைத்து இறக்கிவிட்டு, பொறுத்திருந்து தூக்கிப் பார்ப்பார்கள். காலியாக வந்தால் நன்றாக இருக்கின்றன. தீனி மீந்து வந்தால் எங்கேயோ கோளாறு. செக்ட்ரே என்று பெயர். தினம் நாலு வேளை செய்கிற வேலை, தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தானாகச் செய்யும். இன்றைக்குத்தான் கயிறு சுற்றும்போது கணக்குத் தப்பி, சுற்று ஒன்று கூடிப்போயிற்று. கூடினால் என்ன, அவிழ்க்கும்போது கூட ஒரு சுற்று அவிழ்த்தால் போகிறது. அவள் பலகையின் நுனியிலேயே குந்தி உட்கார்ந்தாள். இடுப்புச் செருகலுக்குள் காலையில் எடுத்துவைத்தது ஈரமாக உறுத்திக்கொண்டிருந்தது.

காலையில் கரையைச் சுற்றி வந்தபோது மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. ஒன்றே ஒன்று. சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த நல்ல இறால், இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டிருந்தால் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போயிருக்கும் உருப்படி. தலை ஓட்டை நகத்தால் உரித்து, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை உதறினால் சேலையில் விழுமே, அந்த மாதிரி பொட்டுப் பொட்டாக வெள்ளை. உடனே கையை மூடிக்கொண்டாள். சுற்றிலும் ஒரு ஆள் கிடையாது, பார்க்கிறவர் யாருமில்லாத இடத்தில் எதற்குக் கையை மூடினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. வெள்ளைப் பொட்டு வைரஸ் என்றால் கூட்டமாகச் சாகும், கரையோரம் எல்லாம் சிவந்து ஒதுங்கும், ஒன்று மட்டுமா சாகும்? சாகும். முதலில் ஒன்றுதான் சாகும். இல்லை, தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடினாலும் ஓட்டில் வெள்ளை படியும், போன வருஷம் மேலத்தெரு ஆள்களுக்கு அப்படித்தான் படிந்து, எல்லாரும் பயந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் அது தேய்த்தால் போகும். இதைத் தேய்த்துப் பார்த்தாயா? பார்த்தேன். போயிற்றா? வெயில் கண்ணில் அடித்தது, சரியாகத் தெரியவில்லை. சரியாகத் தெரியாத ஒன்றைப் பற்றி என்ன சொல்ல முடியும், யாரிடம் சொல்ல முடியும்? தட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும். தின்றிருந்தால் இந்த ஒன்றை மறந்துவிடலாம். அதுவரைக்கும் இது ஒரு செத்த இறால், அவ்வளவுதான்.

இதுமட்டும் என்றால் பரவாயில்லை. நேற்றுச் சாயங்காலம் அவள் அடித்தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டிருந்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை, வாரத்துக்கு ஒரு தரம் எல்லாப் பண்ணைக்காரர்களும் செய்வதுதான். அடியில் தீவனக் கழிவும் இறால் கழிவும் கறுப்புச் சேறாகத் தங்கிப்போகும், அதைக் குழாய் வழியே வெளியே விட்டுவிட்டு, கடல் ஏறும்போது வாய்க்காலில் வருகிற புதுத்தண்ணீரை மோட்டார் போட்டு உள்ளே இறைத்துக்கொள்வார்கள். வெளியே விடுவதும் அந்த வாய்க்காலில்தான், உள்ளே எடுப்பதும் அந்த வாய்க்காலில்தான். இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கடல் இருக்கும்போது என்ன, கடல் வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று இங்கே ஒவ்வொருத்தரும் தன் மனசுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கடல் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் நேற்று விட்டாள். ஆகவே அது கடலுக்குப் போயிருக்க வேண்டும். போயிருக்கும். ஆனால் வாய்க்காலின் முகத்தை மணல் மூடி ரெண்டு மாசமாகிறது, எவனும் வெட்டிவிடவில்லை, தண்ணீர் போகிற மாதிரி போய்ப் பாதியில் தேங்கி நிற்கிறது. காலையில் சீமைக்கருவை வேருக்கடியில் பழுப்பு நுரை ஆடாமல் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கத்தான் பார்த்தாள். அந்தக் கருவைக்கு அந்தப் பக்கம் பவுனம்மாளின் குட்டை.

பவுனம்மாள் அவளுக்கு ஓரகத்தி, அவள் புருஷன் உத்திராபதியின் தம்பி வேதரத்தினத்தின் பெண்டாட்டி. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் ஏழு வருஷம் பொங்கித் தின்றவர்கள். இந்த வருஷம்தான் அவர்களும் முதன்முதலாக இறால் விட்டிருக்கிறார்கள். கடல் ஏறினால்தான் அவர்கள் மோட்டாருக்குத் தண்ணீர் எட்டும். இன்றைக்கு ஏற்றம் பத்து மணிக்கு மேல். இப்போது எட்டுகூட ஆகியிருக்காது. நிழலைப் பார்த்தாள், கம்பத்தின் நிழல் இன்னும் நீளமாகத்தான் கிடந்தது. நேரம் இருக்கிறது. தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படி ஏதாவது இருந்தால், அப்படி ஏதாவது நிஜமாகவே இருந்தால், கரையோடு ஓடினால் பீடி பற்றவைக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். பவுனு, மோட்டார் போடாதே என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேலை. அதோடு, அவர்கள் மோட்டார் போட்டால் தெரியாமலா போகும், அந்த ஓட்டை மோட்டாரின் கூச்சல் காது ஜவ்வைக் கிழிக்கும். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். குட்டையில் இறாலுக்குக் காற்று கலந்து கொடுக்கிற நாலு ஏரேட்டரும் தண்ணீரை அறைந்து அறைந்து நுரைக்கவைத்துக்கொண்டிருந்தன. கச்சான் காற்று முதுகுப்பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசியது, முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்றது. மோட்டார் சத்தம் ஒன்றும் வரவில்லை. வரவில்லைதானே? வரவில்லை.

இப்பவே போய்ச் சொல்லிவிட்டால்தான் என்ன என்று ஒரு மனசு கேட்டது. எழுந்திருக்கக்கூடப் பார்த்தாள். சொல்லலாம். பவுனு வாயில் எதுவும் தங்காது, மத்தியானத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். வியாபாரியின் வண்டி இந்தப் பக்கம் திரும்பாது. வலை போட வருகிறவர்கள் வேறு குட்டைக்குப் போய்விடுவார்கள். வாய்க்கால் ஓரத்துப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் வந்து கரையில் வரிசையாக நின்று, நேத்துத் தண்ணி விட்டது யாரு என்று கேட்பார்கள், அதில் நாலு பேர் முந்தாநாள் விட்டவர்களாகவே இருந்தாலும் கேட்பார்கள். கடைசியில் தட்டில் தீனி காலியாக வந்து, ஒன்றுமே இல்லை என்றானால்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொந்தக் குட்டைக்குத் தானே கொள்ளி வைத்தவள் என்று உத்திராபதி சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டுவான். அதனால் பொறுக்க வேண்டும். பொறுப்பது தப்பில்லை. நிச்சயம் தெரியாமல் ஒருத்தர் வயிற்றில் புளியைக் கரைப்பதுதான் தப்பு. இந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, இன்னொரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தரம் சொன்னபோது அதில் அவ்வளவு பிடிமானம் இல்லை.

தலைக்கு மேலே ஏதோ படபடத்தது. நிமிர்ந்து பார்த்தால் கொக்கு. குட்டை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், பறவை இறங்கக் கூடாது. நோய் பிடித்த இறால்தான் மேலே மிதக்கும், அதைக் கொத்திக்கொண்டு போய் அடுத்த குட்டையில் போட்டுவிடும், அப்படித்தான் பரவும் என்று பண்ணைக்காரர்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கொக்கு கயிற்றில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கி, ஒரு உதறு உதறி விடுபட்டுக் கருவைப்பக்கம் பறந்தது. அது எதையும் கொத்தவில்லை, அவள் பார்த்தாள். கொத்தவில்லை. கொக்குக்குக் கயிறு கட்டினோம், காக்கைக்கு வெடி போட்டோம், நண்டுக்கு வேலி போட்டோம். நண்டும் வைரஸைச் சுமந்து வருமாம், அதற்காகக் கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நீலப் பிளாஸ்டிக் படுதா. இந்த மண்ணில் நண்டுகள் அவள் வாக்கப்பட்டு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்து வாய்க்காலிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து வாய்க்காலுக்கும் போய் வந்துகொண்டிருந்தவை. அவற்றிடம் போய் இது பண்ணை என்று யார் சொல்வது? ராத்திரி முழுக்கப் படுதாவைச் சுரண்டும். கொட்டகையில் படுத்தால் சரக் சரக் என்று அது ஒன்றுதான் கேட்கும். காலையில் அடியில் குவிந்து கிடப்பவற்றை உத்திராபதி மண்வெட்டியால் அள்ளி, குழி தோண்டி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மூடுவான். முதல் தரம் அவள் குழிக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு அந்தப் பக்கம் போவதில்லை. கொக்கையும் காக்கையையும் நண்டையும் இவ்வளவு பாடுபட்டுத் தடுத்துவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீரை நாமே அனுப்பிவைக்கிறோமே, அதற்கு எந்தப் படுதா என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

செருகலில் இருந்ததை எடுத்துப் பார்த்தாள். உடம்புச் சூட்டில் காய்ந்து, வளைந்து, மீசை ஒடிந்துபோயிருந்தது. பொட்டுகள் அப்படியே இருந்தன. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள், ஓடு நொறுங்கிப்போயிற்று. சரி, இனி பார்க்கவே முடியாது. கரையின் சேற்றில் குதிகாலால் ஒரு பள்ளம் செய்து அதைப் போட்டு மிதித்து மூடினாள். மூடிய பிறகும் குதிகாலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

அந்தக் கருவை இருக்கிற இடம்தான் நாலு வருஷம் முன்புவரை பவுனுவின் நெல்வயல் வரப்பு. எல்லாரும் நிலத்தைக் குட்டையாக வெட்டியபோது வேதரத்தினம் மட்டும் வெட்டமாட்டேன் என்று நின்றான். தின்னுறதுக்கு நெல்லு வேணாமா என்றான். சுற்றிலும் உப்புத்தண்ணீர் தேங்கிய குட்டைகள், நடுவே பச்சையாக ஒரு சதுரம். பார்க்கிறவர்கள் கேலி செய்தார்கள், அவளும்தான் செய்தாள். அந்த வருஷம் தைக்கு முன்னால் ஒரு நாள் பவுனு ஒரு கொத்துப் பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். தோகை நுனி எல்லாம் கருகி, தீய்ந்த மாதிரி. "என்னாக்கா இது, தண்ணி கட்டுறேன், கட்டக் கட்டக் கருகுதே" என்று கேட்டாள். நீலாயதாட்சி அதை வாங்கி, நரம்பைப் பார்த்து, வேரைப் பார்த்து, பெரிய விவசாய அதிகாரி கணக்காக "மழை பத்தல பவுனு, வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னாள். அன்றைக்கு இவள் குட்டைக் கரையின் அந்தப் பக்கச் சரிவில் தண்ணீர் கசிந்து, வெள்ளையாக உப்புப் பூத்துக்கிடந்தது. இரண்டு பேரும் அதன் மேல்தான் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பவுனு அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் கேட்கவில்லையா என்பது இன்றுவரை தெரியாது. அடுத்த வருஷம் நாற்று பிடிக்கவே இல்லை. அதற்கடுத்த வருஷம் இவள் வீட்டு அடிபம்பில் பிடித்த தண்ணீரை ஊற்றினால் பால் திரிந்தது. டீ போட முடியாத வீடாகிப்போயிற்று. குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது, பெண்கள் குடத்தை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், அந்த வரிசையில் பவுனு இவளுக்கும் சேர்த்து இடம்போட்டு வைத்தாள். கடைசியில் நீயும் வெட்டிவிடு பவுனு, நெல்லைக் கட்டிக்கொண்டு என்ன கண்டாய், நாங்கள் இருக்கிறோம், ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்லித்தருகிறோம் என்று இவள்தான் ராப்பகலாகப் பேசினாள். நல்லதுக்குத்தான் பேசினாள். அவள் வயலும் குட்டையாகிவிட்டால் கசிவு, உப்பு என்று கேட்க ஆள் இருக்காது என்பது அப்போது மனசில் இருந்ததா? இருந்தது. கொஞ்சம் இருந்தது. இந்தத் தரம் கைகொடுக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவதென்று வேதரத்தினம் சொல்லியிருக்கிறான். போனால் திரும்பி வரமாட்டார்கள். உப்பில் ஊறிய மண்ணுக்கு யார் திரும்பி வருவார்கள்?

போன் அடித்தது. உத்திராபதி. தீவனம் எடுக்க நாகப்பட்டினம் போயிருக்கிறான். காலையில் பார்த்ததை அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"தூக்கிப் பாத்தியா?"

"இல்ல, இப்பத்தான எறக்குனேன்."

"யாருகிட்டயும் மூச்சு வுடாத. வைரஸா இருந்தா நாளைக்கே வலையப் போட்டு, வந்த வெலைக்கித் தள்ளி வுட்டுரலாம். நான் ஆளப் பாத்துட்டேன்."

"பவுனு மோட்டாரு போடுமேங்க."

"அவன் என் தம்பி, எனக்குத் தெரியாதா" என்றான். "செக்ட்ரேயப் பாரு மொதல்ல. பாத்துட்டு எனக்குச் சொல்லு. நான் சொல்றேன் அவன்கிட்ட." எப்போது சொல்வாய் என்று இவள் கேட்கவில்லை. அவன் வைத்துவிட்டான். கெட்டவன் கிடையாது உத்திராபதி. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பூராவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் குந்தியிருக்கிற ஆள். நாளைக்கு வலை போட்டுவிட்டு, இறால் வண்டி ஏறிய பிறகு சொல்வான், அழுதுகொண்டே சொல்வான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போனில் சரிங்க என்று சொன்னவள் அவள்தான்.

வாய்க்காலில் இருந்து ஒரு தலை எழும்பியது. கிளியம்மா, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவள், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைக்கொட்டான் பல்லில் தொங்கும். முன்பு இருபது முப்பது பெண்கள் இப்படி வரிசையாகத் தடவிக்கொண்டு போவார்கள், பாட்டும் வசவுமாக வாய்க்கால் கலகலக்கும். இப்போது இவள் ஒருத்திதான். கொட்டானை வாயிலிருந்து எடுத்துக் காட்டினாள், அடியில் ரெண்டு கெளுத்திக்குஞ்சு. "காலையிலேருந்து தடவுறேன், இதான் மொய்யி" என்றாள். "என்னா நீலா, தண்ணி இப்புடி நாறுது? நேத்து வுட்டியளா?"

"நாங்க வுடலயே" என்றாள் நீலாயதாட்சி. வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பொய்யென்று நினைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"மேலத்தெருக்காரனுவளாத்தான் இருக்கும். பாரு, கை பூராவும் அரிப்பு." கிளியம்மா முழங்கையைத் திருப்பிக் காட்டினாள், தோல் திட்டுத் திட்டாக வெந்த மாதிரி சிவந்திருந்தது. "இதுல நிண்டா நானும் ஒங்க எறாலு கணக்கா மெதக்க வேண்டியதுதான்" என்று சிரித்துவிட்டு, மறுபடியும் கொட்டானைக் கவ்விக்கொண்டு, மேற்கே குனிந்து போனாள். நீலாயதாட்சியும் சிரித்தாள். கன்னம் வலிக்கிற வரைக்கும் அந்தச் சிரிப்பை இறக்க முடியவில்லை. மிதப்பது பற்றி எதற்குச் சொன்னாள்? எதையாவது பார்த்திருப்பாளோ? பார்த்தவளாக இருந்தால் கேட்டிருப்பாள். இல்லை, பார்த்துவிட்டுத்தான் கேட்டாளோ?

இனிமேல் உட்கார முடியவில்லை. எழுந்து கரையில் நடந்தாள், கருவை வரைக்கும் போனாள். இன்னும் கொஞ்சம் போனால் திருப்பம், திரும்பினால் பவுனுவின் கொட்டகை தெரியும். திருப்பத்தில் கால் நின்றுகொண்டது. போய் என்னவென்று சொல்வது? பவுனு, ஒன்று செத்தது என்றா? எங்கே காட்டு என்பாள், மிதித்துப் புதைத்துவிட்டேன் என்பதா? எப்போது பார்த்தாய் என்பாள். விடிய என்றால், விடியலிலிருந்து என்ன செய்தாய் என்பாள். பவுனு அப்படிக் கேட்கமாட்டாள், ஆனால் வேதரத்தினம் கேட்பான். அதற்குப் பதிலாகத் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனால், செக்ட்ரே தூக்கினேன், இப்படி இருந்தது, ஓடிவந்தேன் என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அதுதான் முறை. அதுதான் எல்லாரும் செய்வது. அவள் திரும்பி நடந்தாள். நடக்க நடக்கக் கால் லேசானது, அந்த லேசு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நேரம் இருக்கிறது, நிழல் கம்பத்தை நெருங்கவில்லை, ஏற்றம் வரவில்லை, மோட்டார் போடவில்லை. பாதி வழியில் நின்று மறுபடி காதைக் கொடுத்தாள். ஏரேட்டர். காற்று. கடற்கரைப் பக்கம் எங்கேயோ வெடிச்சத்தம், யாரோ காக்கை விரட்டுகிறார்கள். இந்த ஒரு தரம் தட்டு காலியாக வந்துவிடட்டும், அப்புறம் குழாயையே மூடிவிடுகிறேன், அடித்தண்ணீரை வெளியே விடவே மாட்டேன், தனிக்குழி வெட்டித் தேக்குகிறேன், கசிவை அடைக்கிறேன், அந்த நண்டுகளை மறுபடியும் வாய்க்காலிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டு போனாள். எந்தச் சாமி பெயரும் சொல்லவில்லை. எந்தச் சாமி இதற்கெல்லாம் சாட்சி வரும்.

பலகையில் போய் நின்றதும் கயிற்றைப் பிடித்துவிட்டாள். நேரம் ஆகவில்லை. ஆகாவிட்டால் என்ன, நன்றாக இருக்கிற இறால் இந்நேரத்துக்குப் பாதியாவது தின்றிருக்கும். ஒரு சுற்று அவிழ்த்தாள். விட்டாள். பிடித்தாள். தட்டு தண்ணீருக்குள் இருக்கும்வரை தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. காலையிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது தெரிந்துகொள்வதற்காக அல்ல, தெரியாமல் இருப்பதற்காக. இரண்டு மணி நேரம் என்பது ஒரு வசதி. ச்சீ என்று வாய்விட்டுச் சொன்னாள். மிச்சச் சுற்றையும் பிடுங்கி எறிந்து, தட்டை ஒரே இழுப்பில் தூக்கினாள்.

தீவனம் வைத்தது வைத்தபடி ஊறி உப்பிக் கிடந்தது. ஓரத்தில் ஒரே ஒரு இறால். தட்டைத் தூக்கினால் நல்ல இறால் தெறித்துத் துள்ளும், மூஞ்சியில் தண்ணீர் அடிக்கும். இது துள்ளவில்லை. வெளிறிச் சிவந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, காலை மட்டும் ஒன்றிரண்டு தரம் அசைத்தது. ஓட்டை உரிக்க வேண்டிய தேவையே இல்லை, மேலேயே தெரிந்தது பொட்டு.

அவள் ஓடினாள். தட்டைப் பலகையில் போட்டாளா தண்ணீரில் போட்டாளா என்று தெரியவில்லை. செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. இன்னும் ஏற்றம் வரவில்லை, வரவில்லை, பவுனு, மோட்டார் போடாதே, ஒரு வார்த்தை, பவுனு, திருப்பம் வந்தது, திரும்பினாள். திரும்பின பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. காற்று இவ்வளவு நேரமும் அதைக் கடல்பக்கமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பவுனுவின் மோட்டார் கதறிக்கொண்டு ஓடியது. குழாய் வாயிலிருந்து வாய்க்கால் தண்ணீர் தடித்து, வெள்ளையாக நுரைத்து, குட்டைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பவுனு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாய் ஆடாமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து! பவுனு, நிறுத்துடி!"

பவுனு என்ன ஏதென்று கேட்கவில்லை, அக்கா கத்தினால் அதில் அர்த்தம் இருக்கும் என்று ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் இருமி அடங்கியது. குழாயிலிருந்து கடைசித் தண்ணீர் விட்டு விட்டு வழிந்தது.

"செக்ட்ரே…" நீலாயதாட்சிக்கு மூச்சு வாங்கியது. "தின்னல. வெள்ளைப் பொட்டு."

பவுனு திரும்பித் தன் குட்டையைப் பார்த்தாள், அளவுக் கம்பத்தில் பாதிவரை புதுத்தண்ணீர் ஏறியிருந்தது. "விடியலேருந்து ஓடுதுக்கா" என்றாள். "நேத்து ராத்திரி ஒங்க கொழுந்தன் குழாய ஆழமா எறக்கிப் போட்டாரு. ஏத்தத்துக்குக் காத்துக்கிட்டுக் கெடக்க வேணாம்னு. கருக்கல்லயே போட்டாச்சு." பிறகு பவுனு கேட்டாள், சந்தேகத்தில் கேட்கவில்லை, ஒரு நல்ல சேதி ஏதாவது மிச்சமிருக்குமா என்று கேட்டாள்: "நீ எப்பக்கா பாத்தே?"

"இப்பத்தான்" என்றாள் நீலாயதாட்சி.

பவுனு அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பவுனுவின் கை உப்புத்தண்ணீரில் வெடித்துச் சொரசொரவென்று இருந்தது. "பாதித் தண்ணியோட நின்னுச்சே. நீ ஓடியாரலன்னா மீதியும் ஏறியிருக்கும்" என்றாள். அழவில்லை. அழுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மடியிலிருந்து போனை எடுத்து, வாய்க்கால் ஓரத்துக் குட்டைக்காரர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் மேலத்தெரு. "அண்ணே, மோட்டாரு போடாதிய, வாய்க்கால்ல வைரஸு. ஆமாண்ணே. எங்கக்கா செக்ட்ரேயத் தூக்கிப் பாத்துட்டு ஒடனே ஓடியாந்து சொல்லுது. இப்பத்தான், இந்த நிமிசம்." அடுத்தது. "அண்ணி, தண்ணி எடுத்துராதிய. ஆமா, எங்கக்காதான் பாத்துது. ஒத்தச் செருப்போட ஓடியாந்துருக்கு, பாவம். இப்பத்தான் பாத்துதாம்." அடுத்தது. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீலாயதாட்சியின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். கடல் ஏறத் தொடங்கியிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் மேற்கே நகர்ந்தது. நீலாயதாட்சி பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.